பின்னால் நிற்க ஓர் ஆள்

என் வண்டியின் சமையல் அலமாரிக் கதவின் உட்புறத்தில் ஒரு பட்டியல் ஒட்டியிருக்கிறது. புறப்படும் முன் பார்க்க வேண்டியவை, மொத்தம் இருபத்திரண்டு. சிலிண்டர் வால்வு மூடியாயிற்றா, கூரை ஜன்னல் இறக்கியாயிற்றா, தண்ணீர் மோட்டார் நிறுத்தியாயிற்றா, படியை உள்ளே மடக்கியாயிற்றா என்று போகும். பத்தொன்பதாவது வரி: "பின்னால் ஆள்."

இருபது அடி நீள வண்டியைப் பின்பக்கமாக எடுக்கும்போது ஒருவர் கீழே நின்று பார்க்க வேண்டும். கேமரா வைத்திருக்கிறேன். அது தரையைக் காட்டும், சுவரைக் காட்டும். தாழத் தொங்கும் கேபிள் வயரையும் வேப்பங்கிளையையும் காட்டாது. பதினான்கு மாதங்களாக அந்த ஒரு வரியில் மட்டும் டிக் போடாமல்தான் புறப்பட்டுக்கொண்டிருந்தேன். இறங்கிப் போய்ப் பார்ப்பேன், ஏறி ஒரு மீட்டர் நகர்த்துவேன், மறுபடி இறங்குவேன். நேரம் பிடிக்கும், ஆனால் முடியும்.

சூரிய மின் நிலையங்களைச் சோதித்து ஓட வைத்துக் கொடுப்பது என் வேலை. ராமநாதபுரம் பக்கமும் தூத்துக்குடி பக்கமும் கருவேலங்காட்டை வெட்டித் திருத்திய இடங்களில் மாதத்துக்கு இருபது நாள் இருக்க வேண்டியிருக்கும். பெண் தனியாகத் தங்கும்படியான லாட்ஜ் என்றால் ஒரு மணி நேரம் வண்டி ஓட்டிப் போக வேண்டும். அந்த இருபது நாளும் காரைக்குடி செக்காலை வீட்டில் அம்மா தனியாக இருப்பாள். அப்பா இறந்து நான்கு வருடம் ஆகிறது. தினமும் இரவு எட்டு மணிக்கு அம்மா போன் செய்வாள். "சாப்டியா?" என்பாள். "சாப்டேன், நீ?" என்பேன். "ஆச்சு" என்பாள். இரண்டு பேர் சொல்வதும் பெரும்பாலும் பொய். அவள் பக்கம் டிவி சத்தம் கேட்கும், என் பக்கம் ஜெனரேட்டர் சத்தம்.

தனியாக இருப்பவர்கள் இரண்டு பேர். இரண்டு படுக்கை உள்ள ஒரு வண்டி இருந்தால் கணக்கு நேராகிவிடும் என்று நினைத்தேன். பழைய வேன் ஒன்றை வாங்கி, கோயம்புத்தூரில் ஒரு பட்டறையில் கொடுத்து, கேம்பர் வேனாக மாற்றினேன். இப்போது இப்படி வண்டி கட்ட நினைக்கும் பலர் என்னைக் கேட்கிறார்கள். முதலில் சொல்வது இதைத்தான்: இருக்கையை எடுத்துவிட்டுப் படுக்கை போட்டால் அது வேறு வண்டி. ஆர்.சி. புத்தகத்தில் அந்த மாற்றம் ஏற வேண்டும், இன்சூரன்ஸ்காரர்களுக்கும் தெரிய வேண்டும். அதற்கு ஆகும் காலத்தையும் சேர்த்துத் திட்டம் போடுங்கள். திரை என்ன நிறம் என்பதையெல்லாம் பிறகு யோசிக்கலாம்.

வண்டி வீட்டு வாசலுக்கு வந்த அன்று எதிர்வீட்டுக்காரர் சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "எந்த நடிகைக்கு?" என்று கேட்டார். எங்கள் பக்கம் பழைய பெரிய வீடுகளில் அடிக்கடி ஷூட்டிங் நடக்கும். கேரவன் என்றால் சினிமாக்காரர்களுடையதுதான். அம்மா உள்ளே ஏறிப் பார்த்தாள்.

"ஏத்தா, இதென்ன கதவு?"

"டாய்லெட்மா."

"இது?"

"அடுப்பு."

இரண்டு கைகளையும் விரித்து இரண்டையும் ஒரே நேரத்தில் தொட்டாள். "அடுப்புக்கும் கக்கூசுக்கும் ஒரு முழம். இதுல பொங்கித் திங்கச் சொல்றியாக்கும்?"

"அது மூடி போட்ட பெட்டிம்மா. வாசனையே வராது."

"வாசன வராட்டி அது கக்கூசு இல்லன்னு ஆயிருமா?"

அன்றைக்கே இன்னொரு பட்டியல் தொடங்கினேன். தலைப்பு: அம்மா சொன்ன குறைகள். சில வாரங்களில் ஒன்பது சேர்ந்தன. முதலாவதைச் சரிசெய்ய டாய்லெட் பெட்டியை வண்டியின் கடைக்கோடிக்கு மாற்றி, வெளியிலிருந்தே எடுத்துக் கழுவும்படி தனிக் கதவு வைத்து, நடுவில் முழுத் தடுப்பு போட்டேன். அதற்காகத் தண்ணீர்த் தொட்டியில் இருபது லிட்டர் குறைக்க வேண்டியிருந்தது. அந்தப் பெட்டி பெரிய விஷயம். நம் ஊரில் அதைக் கொட்டுவதற்கென்று இடம் கிடையாது. கண்மாயிலோ காட்டிலோ கொட்டாமல், வீட்டுக்கோ அனுமதி தரும் கழிப்பறைக்கோ சுமந்து போகும் மனம் இருந்தால்தான் இந்த வண்டி வாங்க வேண்டும்.

நான்காவது குறையைப் பட்டறைக்காரரிடம் சொன்னபோது அவர் சிரித்துவிட்டார். வடக்கே தலை வைத்துப் படுக்கக் கூடாது. வீட்டில் கட்டிலைத் திருப்பிப் போடலாம். வண்டியில்? "வண்டி எங்குட்டுத் திரும்பி நிக்கிதோ அங்குட்டுத்தான தல? ஒனக்குத் தெக்கு வடக்கு தெரியுமா மொதல்ல?" என்றாள் அம்மா. முன்கண்ணாடிக்குக் கீழே ஒரு திசைகாட்டி ஒட்டினேன். நிறுத்துமிடம் தேடும்போது மற்றவர்கள் நிழலைப் பார்ப்பார்கள். நிழலில் நிறுத்தினால் கூரைப் பலகையில் மின்சாரம் வராது, வெயிலில் நிறுத்தினால் உள்ளே வேகும். அந்தப் பாடே போதும். நான் அதோடு திசையும் பார்த்தேன். அம்மா வராத நாட்களிலும் அவளுடைய படுக்கையின் தலைமாடு வடக்கே போகாமல்தான் நிறுத்தினேன். படுக்கையில் டூல் பாக்ஸும் துவைக்க வேண்டிய துணியும் கிடந்தன.

ஏழாவது, சாமி இடம். படுக்கைக்கு எதிரே ஒன்பது அங்குல அலமாரி ஒன்று அடித்து, பிள்ளையார் படம் வைத்து, பேட்டரியில் எரியும் சின்ன விளக்கு ஒன்றும் வைத்தேன். அம்மா பார்த்துவிட்டு, "இது சீரியல் லைட்டு" என்று மட்டும் சொன்னாள். என் பட்டியலில் 'வண்டிக்குள் திறந்த தீ கூடாது' என்று ஒரு வரி உண்டு. அதனால் அதற்கு மேல் நான் யோசிக்கவில்லை. ஏழுக்கு நேரே டிக் போட்டேன்.

ஒன்பதாவது: "தெரிஞ்சவுக பாத்தா, வீடு வாசல் இல்லாம திரியிறாகன்னு சொல்வாக." அதற்கு நேரே 'காலம் ஆகும்' என்று எழுதினேன்.

அவள் சம்மதித்தது என் டிக்குகளால் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை வண்டியைப் பெருக்கப் போனவள் ஒரு ஜோடி ஆண் செருப்புடன் இறங்கி வந்தாள். ஒன்பதாம் எண், புதிது.

"இது யாருது?"

"யாருதும் இல்லம்மா. கடையில வாங்குனது."

"ஒனக்கு எதுக்கு ஆம்பளச் செருப்பு?"

"சாயந்திரமானா படிக்குக் கீழ போட்டு வைப்பேன். உள்ள ஆம்பள ஆளு இருக்குன்னு நெனச்சுக்குவாங்க."

அம்மா செருப்பைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பார்த்தாள். தேய்ந்திருக்கிறதா என்று பார்த்தாள் என நினைக்கிறேன். தேயவில்லை. "நடக்காத செருப்புன்னு பாத்தாலே தெரியிது. மண்ணுல தேச்சாவது வைக்கத் தெரியல, இஞ்சினியராம்" என்றாள். சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. செருப்பை வாசல் சிமெண்டுத் தரையில் போட்டுக் காலால் பரபரவென்று தேய்த்தாள். பிறகு, "இதுக்கு நான் வந்து கூட இருந்தா பத்தாதா? எப்பப் போகணும்?" என்று கேட்டாள்.

புது வண்டியில் முதல் இரவு எப்போதும் வீட்டிலிருந்து அரை மணி நேரத் தொலைவுக்குள் இருக்க வேண்டும். நான் எல்லோருக்கும் சொல்லும் விதி இது. குழாய் ஒழுகும், பேட்டரி இறங்கும், எதையோ மறந்திருப்போம். பக்கத்தில் இருந்தால் திரும்பி வந்துவிடலாம். அம்மாவுக்கு இதுதான் முதல் இரவு. ஆகவே சனிக்கிழமை காலையில் பிள்ளையார்பட்டி, மத்தியானம் கொத்தமங்கலம், இரவு அங்கேயே, ஞாயிறு காலை வீடு. அது சரியாக நடந்தால் அடுத்த வாரம் என்னோடு சைட்டுக்குப் பத்து நாள். அம்மாவே சொன்ன ஏற்பாடு.

பிள்ளையார்பட்டியில் எங்களுக்கு முன்னால் மூன்று புதுக் கார்களுக்கு மாலை போட்டுப் பூசை நடந்துகொண்டிருந்தது. பதினான்கு மாத வண்டிக்கு அம்மா மறுபடி எலுமிச்சம்பழம் வைக்கச் சொன்னாள். "அப்ப நான் ஏறல. நான் ஏறுற வண்டிக்கு இன்னைக்குத்தான் பூச" என்றாள். கொத்தமங்கலம் வரை முன்சீட்டில் உட்கார்ந்து, கண்ணாடி மிக உயரத்தில் இருப்பதால் அடுத்தவர் வீட்டு மாடிக் கொடியில் காயும் துணியெல்லாம் தெரிகிறது என்று சொல்லிக்கொண்டே வந்தாள்.

அங்கே ஒரு பெரிய வீட்டின் பக்கவாட்டுச் சந்தில் நிறுத்த அனுமதி வாங்கியிருந்தேன். வீட்டுக்காரர்கள் சென்னையில், பார்த்துக்கொள்பவர் ஒருவர் வாசலில் நின்றார். அம்மாவைப் பார்த்துக் கேட்டார்: "வாங்கக்கா. எங்கருந்து வாரீக?"

"காரைக்குடி."

"காரைக்குடியில இருந்து இந்தா இருக்க கொத்தமங்கலத்துக்கு வந்து ராத் தங்குறீகளா? வெள்ளக்காரவுகதான் இப்படி வருவாக. வீட்டுல எதுவும் சண்டையா?"

"மகளுக்கு வீடு பிடிக்கல. வீட்டுக்குச் சக்கரம் வேணுமாம்" என்றாள் அம்மா.

சந்தின் கோடியில் வண்டியைத் திருப்ப இடமில்லை. இப்படிப்பட்ட இடத்தில் வரும்போதே பின்பக்கமாகப் போய் நிறுத்திவிட வேண்டும். கிளம்பும்போது நேரே வெளியே வரலாம். இரண்டு பக்கமும் நீளச் சுவர்கள். நான் இறங்கிப் பார்க்கக் கதவைத் திறப்பதற்குள் அம்மா இறங்கிப் பின்னால் போய்விட்டாள். கண்ணாடியில் சேலை நுனி மட்டும் தெரிந்தது.

"வா… வா… வா… இங்குட்டு ஒடி. ஏத்தா, இங்குட்டுன்னா என் பக்கம்! வா… மேல கெள இருக்கு, ஒண்ணும் செய்யாது, வா…"

பிறகு வண்டியின் உடம்பில் உள்ளங்கையால் ஓர் அடி. டவுன் பஸ்ஸில் ஏறி இறங்கிய எல்லோருக்கும் தெரிந்த அடி. ஒன்று என்றால் நில், இரண்டு என்றால் போ. நின்றேன். இறங்கிப் பார்த்தால் பின்சுவருக்கு ஒரு சாண் இடைவெளி. திசைகாட்டியைப் பார்த்தேன், தலைமாடு கிழக்கே. சக்கரத்தடியில் பலகை கொடுத்து மட்டம் சரிசெய்தேன். அலமாரிக் கதவைத் திறந்து, கிளம்பும் பட்டியல்தான் என்றாலும், பத்தொன்பதில் டிக் போட்டேன்.

மத்தியானம் அவளே சமைத்தாள். தண்ணீர் லிட்டர் கணக்கு என்று சொல்லியிருந்ததால் அரிசி களைந்த தண்ணீரில் கத்தரிக்காயைக் கழுவினாள், அந்தத் தண்ணீரைச் சுவரோரச் செடிக்கு ஊற்றினாள். சாப்பிட்டுவிட்டு, "கெழக்கதான?" என்று கேட்டு உறுதிசெய்துகொண்டு தன் படுக்கையில் படுத்தாள். நாற்பது நிமிடம் தூங்கினாள். நான் எதிரே உட்கார்ந்து லேப்டாப்பில் ஓர் அறிக்கையைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு வரியும் எழுதாமல் இருந்தேன். வண்டிக்குள் இன்னொருவர் மூச்சு விடும் சத்தம் எப்படி இருக்கும் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

பொழுது சாயும் நேரத்தில் கொசு வந்தது. கதவையும் கண்ணாடிகளையும் நான்தான் மூடச் சொன்னேன். சந்து முனையில் இருந்த கடைக்குக் கொசுவத்தி வாங்கப் போனேன். திரும்பி வந்தபோது சந்தின் பாதியிலேயே அலாரம் கேட்டது.

கேஸ் கசிந்தால் கத்தும் பெட்டி அது. சமையல் கேஸ் காற்றை விடக் கனம், கீழே தங்கும். அதனால் பெட்டியை அடுப்புக்குக் கீழே, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் பொருத்தியிருந்தேன். அது கத்தினால் என்ன செய்ய வேண்டும் என்று நூறு முறை மனதுக்குள் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். ஓடினேன். வெளிப்பெட்டியைத் திறந்து சிலிண்டர் வால்வை மூடினேன். கதவை இழுத்துத் திறந்தேன். உள்ளே புகை. சாமி அலமாரியில், என் பேட்டரி விளக்கை ஓரமாக நகர்த்திவிட்டு, அம்மா வீட்டிலிருந்து பையில் கொண்டுவந்த சின்னக் காமாட்சி விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அம்மா கை கூப்பி நின்றவள் திரும்பிப் பார்த்தாள்.

ஒரே தாவலில் போய், குனிந்து, ஊதி அணைத்தேன்.

அதன் பிறகுதான் தரையில் இருந்த தட்டையும், அதில் புகைந்துகொண்டிருந்த சாம்பிராணியையும் பார்த்தேன். வீட்டில் வைப்பது போலவே தரையில் வைத்திருந்தாள், பெட்டிக்கு நேர் முன்னால். சுடர் ஆடும் என்று கூரை விசிறியையும் நிறுத்தியிருந்தாள். கேஸ் எதுவும் கசியவில்லை. சாம்பிராணிப் புகைக்கும் அந்தப் பெட்டி கத்தும். எனக்குத் தெரியும், அவளிடம் சொல்லவில்லை. அது எந்தப் பட்டியலிலும் இல்லை.

எங்கள் வீட்டில் விளக்கை வாயால் ஊத மாட்டார்கள். பூவால் திரியை அமர்த்துவார்கள். 'அணை' என்ற சொல்லையே அம்மா விளக்குக்குச் சொல்ல மாட்டாள். 'குளிர வை' என்பாள். சின்ன வயதில் பிறந்தநாள் மெழுகுவர்த்தியைக்கூட என்னை ஊத விட்டதில்லை, கையால் விசிறச் சொல்வாள். சனிக்கிழமை, விளக்கு வைக்கும் நேரம், அவள் முதன்முதலாகத் தங்க வந்த இடம்.

அலாரம் நின்றது. "ஊதிட்டியே" என்றாள் அம்மா. கோபமாக இல்லை. நடந்ததை உறுதிப்படுத்திக்கொள்வது போல.

"கேஸுன்னு நெனச்சேம்மா."

"தெரியிது."

மறுபடி ஏற்றலாம் என்று தீப்பெட்டியைத் தேடினேன். "வேணாம்" என்றாள். விளக்கில் இருந்த எண்ணெயை ஒரு டம்ளரில் வடித்து, விளக்கைத் துணியால் துடைத்து, பையில் வைத்தாள். "வீடும் இருட்டாக் கெடக்கும். நான் போயி அங்க ஏத்திக்கிறேன். ஆறே முக்காலுக்குப் பஸ் இருக்கு."

"வண்டியிலேயே போயிரலாம்மா."

"நீ இரு. என்னத்தையோ பாக்கணும்னியே, ராவு முழுக்க பேட்டரி நிக்கிதான்னு. பாத்துட்டு வா."

பஸ் நிறுத்தம் வரை கூடப் போனேன். பார்த்துக்கொள்பவர் வாசலில் நின்று, "என்னக்கா, சண்ட தீந்துருச்சா? கெளம்பிட்டீக!" என்றார்.

"ஆமாப்பா, தீந்துருச்சு" என்றாள் அம்மா.

பஸ் வந்தது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். கண்டக்டர் இரண்டு தட்டுத் தட்டினார். அரை மணி நேரத்தில் வீடு. எந்த விதி நாங்கள் தப்பித்துக்கொள்ள என்று நான் வைத்தேனோ, அது அவளுக்குச் சரியாகப் பயன்பட்டது. தூரமாகப் போயிருந்தால் அவள் இருந்திருப்பாள். மனசு கேட்காமல், ஆனால் இருந்திருப்பாள்.

பேட்டரி நின்றது. காலையில் அறுபத்தெட்டு சதவீதம். முன்பக்கமாகவே சந்திலிருந்து வெளியே வந்தேன். பின்னால் ஆள் தேவைப்படவில்லை.

வீட்டில் இட்லி வைத்துக் கொடுத்தாள். நான் குறைகள் பட்டியலில் பத்து என்று எழுதி, 'விளக்கு' என்று போட்டு, எதிரே மூன்று வழிகள் எழுதியிருந்தேன். படித்துக் காட்டினேன். வண்டிக்கு வெளியே கண்ணாடிக் கூண்டில் விளக்கு வைப்பது. கேஸையே எடுத்துவிட்டு இண்டக்ஷன் அடுப்பு வைப்பது. ஆனால் மழை நாட்களில் பேட்டரி தாங்காது. மூன்றாவது: "அந்த அலாரப் பெட்டியக் கழட்டிடுறேம்மா. மூக்குலயே தெரியும், கேஸ் கசிஞ்சா."

அம்மா சட்னிக் கரண்டியைக் கீழே வைத்தாள். "கழட்டாத."

"இல்லம்மா, நீ வர்ற நாளைக்கு மட்டும்…"

"நான் வந்தா பத்து நாளு. மிச்ச நாளு நீ ஒத்தையில படுக்குற வண்டி. தூங்கும்போது மூக்கு முழிச்சுக்கிட்டா இருக்கும்? அது கெடக்கட்டும்." என் தட்டில் இன்னோர் இட்லி வைத்துவிட்டுச் சொன்னாள்: "அது கத்துனா என்ன செய்யணுமோ அதத்தான் நீ செஞ்ச. எனக்குத் தெரியாம இல்ல. ஆனா அங்கன எனக்கு உக்கார முடியல. இந்த மாசம் நீ போயிட்டு வா. பெறவு பாப்பம்."

பட்டியலை மடித்து வைத்தேன். 'பெறவு' என்பதற்கு நேரே எழுத எதுவும் இல்லை.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்குக் கிளம்பினேன். செக்காலைச் சந்தில் வண்டியை மெயின் ரோடு வரை பின்பக்கமாகத்தான் எடுக்க வேண்டும். இத்தனை மாதமும் நான் கிளம்பும்போது அம்மா உள்ளேதான் இருப்பாள். அன்று ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து பின்னால் நின்றாள். "வா… வா… பைக்கு வருது, நில்லு." ஓர் அடி. "ம்… வா… ஒடிச்சு வா…" ரோட்டில் வண்டியின் மூக்கு நேரானதும் இரண்டு அடி விழுந்தது. கண்ணாடியில் பார்த்தேன். அவள் அதற்குள் திரும்பி வீட்டைப் பார்த்து நடந்துகொண்டிருந்தாள்.

சைட்டுக்குச் சேர மத்தியானம் ஆயிற்று. வேலை முடிந்து, திசைகாட்டியைப் பார்த்து, வெட்டவெளியில் நிறுத்தினேன். படியை இறக்கி, பக்கப் பெட்டியில் இருந்த செருப்பை எடுத்தேன். ஒன்பதாம் எண் ஜோடிக்கு மேல் ஒரு பழைய துணிப்பை இருந்தது. உள்ளே அம்மாவின் செருப்பு, அவள் தெருக்கோடி வரை போட்டுப் போவது. குதிகால் பக்கம் நன்றாகத் தேய்ந்தது.

என்னுடையதையும் சேர்த்து மூன்று ஜோடியையும் படிக்குக் கீழே வைத்தேன். எட்டு மணிக்குப் போன் வந்தது.

"செருப்ப வெளிய போட்டியா?"

"போட்டேன்மா."

"சாப்டியா?"

அடுப்பை இன்னும் பற்ற வைக்கவில்லை. "சாப்டேன். நீ?"

"ஆச்சு" என்றாள்.